இன்னும் ஒன்பது பேர் வேண்டும்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை மற்றவர்களுக்கு மூக்கில் ஏறும். எனக்கு இடது தோளில் ஏறும். போன வாரம் என் மகள் கைப்பேசித் திரையைத் துடைப்பதற்காக அந்தப் பாட்டிலைத் திறந்தாள். நான் அடுத்த அறையில் ஒரு காதணி விழா பேனருக்கு வரி யோசித்துக்கொண்டிருந்தேன். தோள் குளிர்ந்தது. உள்ளங்கால் வேர்த்தது. கை தானாகப் போய் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

"அப்பா, உக்காந்துதான இருக்கீங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஆமா."

"அப்ப சரி," என்று துடைப்பதைத் தொடர்ந்தாள்.

எங்கள் வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் ஃபிளெக்ஸ், போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி. நான் வசன கவிதை எழுதுகிறவன். (ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. பிரதிகள் அனைத்தும் கட்டிலுக்கு அடியில் நலமாக இருக்கின்றன.) ஆனால் சுற்று வட்டாரத்தில் என் வரிகளில் அதிகம் வாசிக்கப்பட்டது, இறந்தவர் படத்துக்குக் கீழே நான் போடும் ஒற்றை வரிதான்: 'விளக்கு அணைந்தாலும் வெளிச்சம் போகாது ஐயா.' பெண் என்றால் 'அம்மா' என்று மாற்றிக்கொள்வோம். எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து குளத்தூர் வரை பஸ் நிறுத்தச் சுவர்களில் வெயிலில் வெளிறிக் கிடப்பது என் இலக்கியம். அதனால் எனக்குப் 'போஸ்டர் அண்ணாச்சி' என்று பெயர். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் என் காலை வாரப் போகிறது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அந்த ஒற்றை வரியைக்கூட நான் நிறுத்திவிட்டேன். மெஷின் சூடு தணியாமல் ஓடியது. ஒருவர் படம் காய்வதற்குள் அடுத்த படம் வந்தது. கல்யாண பேனருக்காக முந்தின மாதம் எடுத்த படத்தையே அனுப்பி, 'சந்தனப் பொட்ட மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி' என்றார்கள். பெயர் போட்டேன், படம் போட்டேன். வரி எழுதக் கை ஓடவில்லை. அப்புறம் ஊசி வந்தது. ஒன்று போட்டோம், இரண்டு போட்டோம். ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தபோது, அஞ்சலி வேலையே இல்லாமல் வரிசையாக நாலு காதுகுத்து பேனர் காத்திருந்தது. மெஷினைத் தொட்டுக் கும்பிட்டேன். அதன் பிறகு வந்த அஞ்சலிகளில் என் வரியும் பழைய இடத்துக்குத் திரும்பியது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் மூன்றாவது ஊசிக்கு முதல் ஆளாக ஓடியிருக்க வேண்டுமல்லவா?

ஓடவில்லை. யோசித்தேன்.

எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்ட காலம் அது. 'கொரோனாவா, அது போயே போச்சு' என்றார்கள். போகவில்லை, அங்கங்கே இருமிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் என் அக்கா செல்வராணிக்கு மதுரையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அத்தான். கடம்பூரில் போளிக் கடை வைத்திருப்பவர். கேட்டதும், வாடிக்கையாளருக்கு இரண்டு போளி பொட்டலம் கட்டுகிற அதே முகத்தோடு, "எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வரப் போகிறார்கள். கஞ்சி காய்ச்ச, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். என் மனைவி மல்லிகாவுக்குச் சத்துணவு மையத்தில் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. மிஞ்சியது நான்.

அக்கா மருத்துவமனையிலிருந்தே போன் செய்தாள்.

"ஏலே, மாத்தி வச்சத ஒடம்பு வேண்டாம்னு தள்ளிராம இருக்க மாத்திரை குடுத்துருக்காவ. அது எதிர்ப்புச் சக்திய அமுக்கிப் போடுமாம். நான் போட்ட ஊசியே எனக்குச் சரியா வேலை செய்யாமப் போகலாமாம். பக்கத்துல இருக்கவங்கதான் வேலியா இருக்கணும்னு டாக்டர் சொல்லுதாவ."

"வேலிங்கிறது நல்ல வார்த்தைக்கா."

"வார்த்தைய விடு. மூணாவது ஊசி போட்டியா?"

"ரெண்டு போட்டுருக்கேன்லா."

"அது போட்டு வருசம் ஆவப்போவுது. வேகம் கொறைஞ்சிருக்கும்னு சொல்லுதாவ. மூணாவது போட்டுட்டு, அது ஒடம்புல பிடிக்க ரெண்டு வாரம் விட்டுட்டு வா. இல்லன்னா என் வாசல்ல ஏறாத."

நான் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் போய், அவர் வாயால் 'வேண்டாம்' என்று வாங்கிவிடலாம் என்று முயன்றேன். அவர் சொன்னார்: "ரெண்டு ஊசியோட பலன் மொத்தமாப் போயிராது. ஆனா தொத்தாமத் தடுக்கிற பலன் மாசம் ஆக ஆகக் கொறையும். இன்னொண்ணு போட்டா கொஞ்ச காலத்துக்கு ஏறும். முழு கேரண்டி கேக்காதீங்க, மாஸ்க்கும் போடத்தான் வேணும். உங்களுக்கு அம்பது ஆயிட்டு, சுகர் இருக்கு, அப்படிப்பட்ட நோயாளி பக்கத்துல இருக்கப் போறீங்க. நானா இருந்தா போட்டுக்கிடுவேன்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தெளிவுதான் என் பிரச்சினையாகிவிட்டது. கொஞ்சம் குழப்பமாகச் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பேன்.

உண்மையான காரணம் வேறு. எனக்கு ஊசியைக் கண்டால் ஆகாது. ஊசி உடம்பில் ஏறுவதுகூடப் பரவாயில்லை, ஏறுவதைப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு முறையும் மல்லிகா என் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள், இந்த வயதிலும் என்ன பாசம் என்று பேசிக்கொண்டார்கள். இந்தமுறை, "நான் எங்க பள்ளிக்கூடத்து முகாம்ல போட்டாச்சு. நீங்களே போயி நில்லுங்க," என்றுவிட்டாள். எப்போது போட்டாய் என்றேன். "நீங்க யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப," என்றாள்.

கோவில்பட்டியில் அன்று மருந்து இருப்பு இல்லை. கடம்பூர் ரோட்டில் ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறது என்றார்கள். கடைப் பெயர் எழுதிய மொபெட்டில் கிளம்பினேன். போகிற வழியில் கொடுக்க வேண்டிய ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைச் சுருட்டிப் பின்னால் கட்டியிருந்தேன். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. கரிசல் மண் மழைக்குப் பின் மனிதர்களை உயரமாக்கும். பத்தடி நடந்தால் செருப்புக்குக் கீழே இன்னொரு செருப்பு முளைத்திருக்கும். அப்படி உயர்ந்த மனிதனாக நான் அந்த நிலையத்தின் படியேறினேன்.

உள்ளே சிஸ்டர் ஜெபமணி மட்டும் இருந்தார். ஒல்லியான, குரல் மட்டும் கனத்த பெண்மணி. என் போனை வாங்கி, பழைய ஊசிகளின் சான்றிதழைப் பார்த்தார். போடலாம், நாள் ஆகிவிட்டது என்றார். பிறகு, "ஒத்தையாவா வந்தீங்க?" என்றார்.

"ஆமா."

"ஒரு குப்பில பத்துப் பேருக்கு மருந்து அண்ணாச்சி. பிரிச்சா சில மணி நேரத்துல போட்டு முடிச்சிறணும், மிச்சம் வச்சுக்கிட ஏலாது. உங்க ஒருத்தருக்காகப் பிரிச்சா ஒம்பது பேரு மருந்து குப்பைக்குப் போவும். இப்பம்லாம் யாரும் வரமாட்டேங்காவ. இன்னும் ஒம்பது பேரு சேரட்டும்."

அந்த நிமிடம் என் நெஞ்சுக்குள் ஒரு கொட்டு மேளமே அடித்தது. தேசத்தின் மருந்து வீணாகக் கூடாது. நான் என்ன செய்ய முடியும்? உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். குரலில் போதுமான துயரத்தைக் கலந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தான் ஒரு கிட்னியவே குடுத்துட்டாவ," என்றாள் அக்கா. "நீ ஒம்பது பேரக் கூட்டியாற மாட்டியாக்கும்."

வைத்துவிட்டாள்.

ஊருக்குள் மொபெட்டை விட்டேன். முதல் தெருவில், கதவு திறந்திருந்த ஒரு வீட்டின் முன் நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். பின்னால் சுருட்டிய ஃபிளெக்ஸ். முன்னால் கடைப் பெயர். மேலே நான். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

"மாமா!" என்று ஒரே ஓலம். "ஏ மாமா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீயளே!"

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. ஒரு பாட்டி ஓடிவந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமலே அழத் தொடங்கினாள். நான் கையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து இருமிக்கொண்டே ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, கையில் பாதி குடித்த காப்பி. அவர்தான் அந்த மாமா. பெயர் சீனியப்பன்.

"ஏட்டி, நான் இங்கனதான நிக்கேன்," என்றார் மருமகளிடம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ போஸ்டர்காரன்லா? யார்லே சொன்னா நான் போயிட்டேன்னு?"

"யாரும் சொல்லல ஐயா."

"பெறவு எதுக்கு வந்த? அளவு எடுக்கவா?"

தெருவே சிரித்தது. மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கூட்டம் கூடிவிட்டதால், இதுதான் சமயம் என்று நான் பேசத் தொடங்கினேன். (இங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம்.) "பாதுகாப்பு என்பது ஒரு நிறம். வெயில் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. நாம் பத்திரமாக இருப்பதாக நினைக்கும் சுவரில்..." என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. ஒரு நாய் எழுந்து போனது.

"சுவருக்கு வெள்ளையடிக்க ஆளு கேக்காரா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) வேன் ஒன்று சேற்றில் சக்கரம் சுற்றி நின்றது. கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டால் எந்த இன்ஜினும் தலைகுனிந்துவிடும். டிரைவர் இறங்கிக் கம்பியால் மண்ணைக் குத்தத் தொடங்கினார். உள்ளிருந்த பெண்கள் இறங்கி, என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார்கள். நான் மறுபடியும் நிறம், வெயில், சுவர் என்று தொடங்கினேன். நெற்றியில் பெரிய பொட்டு வைத்த ஒருத்தி, மாரியம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன், கையை நீட்டி நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஊசியச் சொல்லுதீங்களா?"

"ஆமாம்மா."

"பெட்டில குச்சி இருக்கு, ஒரசுத பக்கம் தேஞ்சு போச்சுங்கீங்க. அம்புட்டுதான?"

என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் தொகுப்பு முழுவதையும் அந்த ஒரு வரிக்குக் கொடுத்திருப்பேன். (வாங்கியிருக்க மாட்டாள்.)

"அதுக்குப் போயி சுண்ணாம்படிக்கணும்னு நெனைச்சிட்டேன்," என்றாள். "வேன் சரியாவ நேரமாவும். ஏட்டி வாங்க, போட்டுட்டு வந்துருவோம். கொரோனா வந்தப்ப ஆபீஸ மூடிட்டு வீட்ல கெடந்தமே, மறந்துட்டா?"

இரண்டு பேர் தயங்கினார்கள். சீனியப்பன் பெரியவர் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை மருமகளிடம் கொடுத்தார். "இவன் போஸ்டர்ல நம்ம மூஞ்சி வரக்கூடாதுன்னா போயி போட்டுக்கிடுங்க. நானும் வாரேன்," என்றார்.

மருமகளும் வந்தாள். அழுத பாட்டியும் வந்தாள். அவ்வளவு நேரம் அழுதது வீணாகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. நான் முன்னால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வர, அம்மன் கோயில் கொடை விழாவுக்கு முளைப்பாரி வருவதுபோல் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். சிஸ்டர் வாசலுக்கு வந்து தலைகளை எண்ணினார். என்னோடு சேர்த்துப் பத்து. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நெசமாவே கூட்டியாந்துட்டீங்களே," என்றார்.

அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. தலைவனாகிவிட்டேன். "வரிசையில வாங்க, பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்று கையை ஆட்டி ஒழுங்குபடுத்தினேன். தலைவன் கடைசியில் போட்டுக்கொள்வதுதான் மரபு என்று நானே ஒரு மரபை உண்டாக்கி வரிசையின் முடிவுக்குப் போனேன். மாரியம்மாளும் மற்றவர்களும் போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தாமலே வெளியே வந்தார்கள். எனக்கு முன்னால் சீனியப்பன் பெரியவர். அவருக்குத் துண்டை ஒதுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிடித்தேன்.

ஸ்பிரிட் வாசனை. மெலிந்த அந்தக் கறுத்த தோள். பஞ்சு போன இடத்தில் ஈர மினுக்கம். சாளரத்து வெளிச்சம் ஊசியின் முனையில் வந்து உட்கார்ந்தது, ஒரு தும்பி வேலிக்கம்பியில் உட்காருவதுபோல. பிறகு ஊசி உள்ளே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

நான் சத்தமே இல்லாமல், துண்டையும் விடாமல், பெரியவர் காலடியில் சரிந்தேனாம். துண்டோடு அவரும் பாதி வந்திருக்கிறார், சிஸ்டர் பிடித்துக்கொண்டார். தரை முழுக்கக் கரிசல் சேறு. படுக்க வைக்க விரிப்பில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஓடிப்போய் மொபெட்டில் கட்டியிருந்த ஃபிளெக்ஸை அவிழ்த்து விரித்தார்கள். அச்சுப் பக்கம் சேற்றில் படக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் அச்சுப் பக்கத்தை மேலே வைத்தார்கள். அதன்மேல் என்னைக் கிடத்தினார்கள். இறந்தவரின் படமும் பெயரும் என் முதுகுக்கு அடியில் போய்விட்டன. தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி'. காலுக்குக் கீழே 'விளக்கு அணைந்தாலும் வெளிச்சம் போகாது ஐயா'. நடுவில் நான், கண்மூடி, மிகவும் சாந்தமாக.

வேன் டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். போட்டோ எடுத்தார்.

முகத்தில் தண்ணீர் விழுந்து நான் விழித்தபோது பத்துத் தலைகள் வட்டமாகக் குனிந்திருந்தன. காலை உயர்த்தி ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார்கள். நான் சட்டைக் கையைச் சுருட்ட முயன்றேன். "போடுங்க சிஸ்டர்."

"மருந்து தீந்துட்டு அண்ணாச்சி."

"என்னோடது?"

"மயக்கம் போட்டு, பிரசரும் கெடக்கிற கெடப்புல உங்களுக்கு இன்னைக்குப் போட மாட்டேன். வீணாக்கவும் மனசு வரல. டிரைவர் தம்பி கையக் காட்டுனாவ, போட்டுட்டேன்."

அவ்வளவு நேரம் 'எனக்கு வேண்டாம்' என்று வேனை விட்டு வராத டிரைவர் தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். நான் விழுந்ததைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டதாம். இதைவிடப் பயந்தவன் ஒருத்தன் இருக்கான் என்கிற தைரியம். பெரியவர் துண்டைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எண்பது வயதுக்காரர், ஒரு தூண் மாதிரி நின்றார்.

மொபெட்டில் ஊர் திரும்புவதற்குள் அந்தப் போட்டோ எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள், ஒருவர் மட்டும் சைக்கிளிலிருந்து விழுந்தார். உள்ளே டிசைனர் கனகவேல் கணினி முன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தான். எங்களுக்குள் இருபது வருடப் பழக்கம். திரையில் என் படம். சுற்றிலும் ரோஜா பார்டர். கீழே என் வரி. அவன் துக்கம் உண்மை. அந்தத் துக்கத்தில் கை தன் பாட்டுக்கு அதற்குத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறது.

என்னைத் திரும்பிப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி," என்றான். "இத டெலிட் பண்ணவா, சேவ் பண்ணி வைக்கவா?"

மல்லிகா பள்ளிக்கூடத்திலிருந்து கரண்டியோடே ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்க என் நெற்றியைத் தொட்டாள், கையைத் தொட்டாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள், "சரி, ஊசி போட்டாச்சா?"

சிரித்துவிட்டு முடிக்க வேண்டிய இடம் இது. ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி விடு, நான் வேற ஆளு பாக்கேன்," என்றாள். அந்த 'விடு' என்னை ஒரு மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆக வேண்டும். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். வயிற்றில் தையலோடு அத்தானே எழுந்து கஞ்சி வைப்பார். அதைச் செய்யக்கூடியவர்தான்.

போதாததற்குச் சிஸ்டர் ஜெபமணி போன் செய்தார். "உங்க போட்டோவால ஒரு ஆளும் வரமாட்டேங்காவ அண்ணாச்சி. ஊசி போட்டு போஸ்டர்காரரே போயிட்டாருன்னு பக்கத்து ஊரு வரைக்கும் பேச்சு." ஊசியே போடாமல் ஊசியால் இறந்த முதல் மனிதன் நான். என் இலக்கிய வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எதுவும் பரவியதில்லை. நான்கு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில், 'நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு ஊசியே போடவில்லை' என்று என் படத்தோடு செய்தி போட்டேன். பழைய படத்தைப் போட்டு மறைக்கிறார்கள் என்று பதில் வந்தது.

அந்த வார முடிவில் ஒரு காலை. மறுபடி சிஸ்டரின் போன்.

"அண்ணாச்சி, சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"வயிறு நெறயச் சாப்ட்டுட்டு வாங்க. இங்கன ஒம்பது பேரு வந்து உக்காந்துருக்காவ. பத்தாவது நீங்கதான். நீங்க வராமப் பிரிக்க மாட்டேன்னுட்டேன்."

எப்படி என்று கேட்டேன். பெரியவர்தான் என்றார். தினமும் காலையில் டீக்கடையில் போய் நின்று, சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டியிருக்கிறார். "ஊசி எனக்கு, மயக்கம் அவனுக்கு. பாரு, நான் நிக்கேன்லா? எண்பது வயசுக் கெழவன் நிக்கேன். அந்தப் பயல் அவன் அக்காவுக்காவ வந்தான், நம்மளுக்கெல்லாம் போட வச்சிட்டு வெறுங்கையோட போனான். நாளைக்கு அவன் நம்ம படத்துல கோவத்தக் காட்டுவான்லே." மாரியம்மாள் தன் பங்குக்குத் தீப்பெட்டி ஆபீஸில் இரண்டாவது வேனையே கிளப்பியிருந்தாள்.

நான் போனபோது ஒன்பது பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. எல்லாருக்கும் என்னைத் தெரிந்தது. சிஸ்டர் பெஞ்சைக் காலி பண்ணச் சொன்னார். "இவிய மொதல்ல. படுத்துக்கிட்டே போடலாம், அதுல ஒண்ணும் வெக்கமில்ல," என்றார். படுத்தேன். மாரியம்மாள் வந்து, தீப்பெட்டி மருந்து மணக்கும் உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தினாள். பெரியவர் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசுலே, எதையாவது பேசு. அந்தச் சுவரு, வெயிலு, அதச் சொல்லு," என்றார்.

"பாதுகாப்பு என்பது ஒரு நிறம்," என்றேன் இருட்டுக்குள்.

"அட, போட்டாச்சு," என்றார் சிஸ்டர்.

அந்த இருட்டில் நான் அழுதேன். கண்ணைப் பொத்தியிருந்த கைக்குத்தான் அது தெரியும். மாரியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒன்பது பேர், தங்கள் காரணம் கொஞ்சம், என் காரணம் கொஞ்சமாக, தோளைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அத்தனை நாள் யோசித்தும் எனக்குக் கிடைக்காத முடிவு, பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுப் படியை நான் ஏறிய நாளில் மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டுக் கதையைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் விலாவைப் பிடித்துக்கொண்டார். "போதும் மாப்ள, ரெண்டு பேரு தையலும் பிரிஞ்சிரும்," என்றார். அந்த மாதங்களில் அக்காவுக்கு நான் கஞ்சி காய்ச்சினேன், கருகவிட்டேன், மறுபடி காய்ச்சினேன். வீட்டில் ஒருவருக்கும் இருமல்கூட வரவில்லை. அது ஊசியாலா, மாஸ்க்காலா, வாசலில் அக்கா போட்ட அதட்டலாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொண்டேன். இன்றும் எங்கள் குடும்பத்தில் மகள் பரீட்சை எழுதப் போய் மல்லிகாவுக்குக் காய்ச்சல் வந்தால், அத்தானுக்குப் பல் பிடுங்கப் போய் அக்கா தலைசுற்றி உட்கார்ந்தால், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்: 'ஊசி எனக்கு, மயக்கம் அவனுக்கு.' கனகவேல் அந்தக் கோப்பை அழித்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறான். நான் நம்பவில்லை. பெரியவர் இப்போதும் டீக்கடைக்கு நடந்துதான் போகிறார்.

அக்கா தேறி, நான் ஊருக்குக் கிளம்பிய அன்று கேட் வரை வந்தாள். அறுவைக்குப் பின் அவள் யார் துணையும் இல்லாமல் அவ்வளவு தூரம் நடந்தது அதுவே முதல்முறை. என் பையில் அத்தான் போளிப் பொட்டலத்தைத் திணித்தார். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"ஏலே, இதுவும் கொஞ்ச நாள்ல வேகம் கொறையுமாம். இன்னொண்ணு போடச் சொன்னா என்ன செய்வ?"

"டாக்டர்ட்ட கேட்டுட்டு யோசிப்பேன்க்கா."

"யோசி," என்றாள் அக்கா. "ஆனா படுத்துக்கிட்டு யோசி."